ஆமைக் காரின் ஹாரன்

பேரிகை கங்கப்பன் அந்தக் காரை வாங்கியது எண்பத்தாறில். பெங்களூரில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர், கண் பார்வை மங்கிப்போனதால் மனமில்லாமல் விற்ற வண்டி. சீமையில் செய்து கப்பலில் வந்தது. என்ன கார் என்று யாராவது கேட்டால் கங்கப்பன் பானெட்டைக் காட்டுவார். பெயர்த் தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்தான் இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் கறுப்பாக ஒரு ஆமை நகர்ந்து போவதுபோல இருந்ததால், ஊரே அதற்கு ஆமைக் கார் என்று பெயர் வைத்துவிட்டது.

கங்கப்பனுக்கு ஏரிக்கு மேற்கே தக்காளியும் முட்டைக்கோசும் விளைகிற நிலம் இருந்தது. ஓசூர் சிப்காட்டில் இரண்டு கம்பெனி கேன்டீன்களுக்கு அவர்தான் காய்கறி கொடுத்துவந்தார். காரின் பின்சீட்டைக் கழற்றி வீட்டு வாசலில் பெஞ்சாகப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு காலையில் போவார். மத்தியானம் திரும்பி வருவார். சீமைக் காரில் தக்காளி போவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. கங்கப்பன் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு அந்தக் காரின் மேல் அப்படி ஒரு ஆசை.

வாங்கிய வருடமே ஹாரனுக்குக் கிறுக்குப் பிடித்தது. ஸ்டியரிங் நடுவே இருக்கும் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது. ஆனால் வண்டியை இடது பக்கம் நன்றாக ஒடித்துத் திருப்பினால் தானாகக் கத்த ஆரம்பிக்கும். ஸ்டியரிங் நேரானதும் நின்றுவிடும். வலது பக்கம் திருப்பினால் வாயே திறக்காது. எதிரே மாடு குறுக்கே நின்றால் கங்கப்பன் தலையை வெளியே நீட்டி, "ஓய், ஓய்!" என்று தன் தொண்டையால்தான் விரட்ட வேண்டியிருந்தது. ஆளே இல்லாத முடக்கில் ஹாரன் ஊரைக் கூட்டியது.

இதில் ஒரு மரியாதையும் கிடைக்கத்தான் செய்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ரோட்டிலிருந்து இடது பக்கம் திரும்பித்தான் உள்ளே போகவேண்டும். அந்த கேட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற ஒரே ஆள் பெரிய மேனேஜர். முதல் நாள் ஆமைக் கார் அலறிக்கொண்டு திரும்பியதும், வாட்ச்மேன் பீடியைக் கீழே போட்டுவிட்டு கேட்டை அகலத் திறந்து விறைப்பாக சல்யூட் அடித்தார். கங்கப்பனும் பதிலுக்குக் கையைத் தூக்கினார். கூடைகளைப் பார்த்த பிறகுதான் வாட்ச்மேனுக்கு உண்மை தெரிந்தது. மறுநாளிலிருந்து அவர் கேட்டைப் பாதிதான் திறந்தார்.

ஓசூர் பாகலூர் ரோட்டில் திம்மராயன் என்ற மெக்கானிக் இருந்தார். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவார். கங்கப்பன் வண்டியை அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். திம்மராயன் பட்டனை அழுத்திப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"ஆகல்லா சார், ஆகாது. ஹாரனுக்கு வயசாயிடுச்சு. இதுக்கு மேல அது வாய் தொறக்காது. புதுசு போட்டுரலாம்."

"இடது பக்கம் திருப்பினா கத்துதே, திம்மராயா?"

"அது சாவறதுக்கு முன்னால கத்தறது சார்."

புதிது என்று அவர் மாட்டியது ஒரு லாரியிலிருந்து கழற்றிய ஹாரன். அதன் பிறகும் பட்டனை அழுத்தினால் சத்தம் வரவில்லை. இடது பக்கம் திருப்பினால் மட்டும் முன்பைவிட நான்கு மடங்கு அலறியது.

அது தெருவோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆனால் பெரிய தெருவிலிருந்து கங்கப்பன் தன் வீட்டுக்குத் திரும்புகிற முனை, சரியான இடது முடக்கு. அந்த முனை வீடு முனிவேலுவுடையது. முனிவேலு கங்கப்பனின் மனைவி ஜோதியம்மாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை.

காரணம் ஒரு காதுகுத்து. கங்கப்பன் மகளுக்குக் காது குத்தினபோது, தாய்மாமன் முனிவேலுவின் மடியில் குழந்தையை உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். முனிவேலு ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, சீர் சாமான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். பஸ் வந்து சேரவில்லை. முகூர்த்தம் தாண்டுகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, கங்கப்பன் தன் பங்காளி ஒருவரை உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். முனிவேலு சீர்த் தட்டோடு வந்து நின்றபோது குழந்தை காதில் ரத்தம் காய்ந்து, வாயில் சர்க்கரையோடு விளையாடிக்கொண்டிருந்தது. தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு அவர் திரும்பிப் போனார். "மாமன்னா மொதல்லயே வரணும்" என்று கங்கப்பன் பின்னால் சொன்னது அவர் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஜோதியம்மாள் தன் அண்ணி சென்னம்மாளைப் பால் சொசைட்டி வாசலில்தான் பார்த்துப் பேச முடிந்தது.

இப்போது மத்தியான வேளைகளில், நைட் ஷிப்ட் முடித்து வந்து முனிவேலு கண்ணயர்ந்தால் போதும், ஜன்னலுக்கு வெளியே லாரி ஹாரன் அலறியது. ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். தினமும் அதே இடத்தில், தன் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கத்துகிறது. தெருக்கோடி வரை பேசாமல் வருகிற கார், தன் வாசலைக் கண்டதும் வாய் திறக்கிறது.

"கார் வாங்கிட்டேன்னு காட்டறான். தூங்கறவன எழுப்பிக் காட்டறான்" என்றார் மனைவியிடம்.

அடுத்த வாரம் ஓசூர் பழைய சாமான் கடையிலிருந்து முனிவேலு ஒரு பொருளை வாங்கிவந்தார். ஐஸ் வண்டிக்காரர்கள் வைத்திருக்கும், ரப்பர் பந்தை அமுக்கி அடிக்கிற பித்தளை ஹாரன். அதை ஜன்னல் கம்பியில் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார். மத்தியானம் கார் அலறிக்கொண்டு திரும்பியதும், படுத்தபடியே கையை நீட்டி இரண்டு முறை அமுக்கினார். பாம், பாம்.

காருக்குள் கங்கப்பன் துள்ளி விழுந்தார். "என்னை ஐஸ் வண்டிக்காரன்னு சொல்றான்" என்று வீட்டில் போய்ப் பொருமினார்.

அதிலிருந்து தினமும் இது நடந்தது. கார் கத்தும். ஜன்னல் பதில் சொல்லும். தெருவில் பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு, "மாமனும் மச்சானும் பேசிக்கிறாங்கடா" என்று சிரிப்பார்கள்.

மாசி மாதத்தில் முனிவேலுவின் மகள் சம்பங்கியைப் பெண் பார்க்கக் காவேரிப்பட்டினத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெங்கடப்பன் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். வாய் ஓயாத மனிதர். வந்து உட்கார்ந்ததிலிருந்து மாவடு, மழை, மருமகள் வருகிற வீட்டின் ஒற்றுமை என்று பேசிக்கொண்டே இருந்தார். சம்பங்கி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முனிவேலுவுக்கு நேரம் மறந்துபோயிற்று.

தெருவில் ஆமைக் கார் அலறியது. முனிவேலுவின் கை, அவரைக் கேட்காமலேயே, ஜன்னலுக்குப் போயிற்று.

பாம், பாம்.

வெங்கடப்பன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தாண்டிப் போகிற காரைப் பார்த்தார். "இது யாருங்க?"

முனிவேலு இன்னும் ரப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எங்க... எங்க மாப்பிள்ளைங்க. தங்கச்சி வூட்டுக்காரரு."

"தெனம் இப்படித்தானா?"

கதவோரம் நின்ற சென்னம்மாள் பொய் சொல்ல விரும்பவில்லை. "தெனமுங்க. ஒரு நாள் தவறாது."

வெங்கடப்பன் தன் மனைவியின் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா? வூட்டத் தாண்டறப்ப ஒரு சத்தம் குடுத்துட்டுப் போறாரு. இவரு பதில் குடுக்கறாரு. நம்ம வூட்டுல ஒரே வாசல்ல இருந்துகினு அண்ணன் தம்பி மூஞ்சி பாக்கறதில்ல. இந்த மாதிரி வூட்டுப் பொண்ணுதான் நமக்கு வேணும்." பிறகு முனிவேலுவைப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், செய்யணும். பொண்ண அந்தக் கார்லயே கூட்டிகினு வாங்க. அத்தையும் மாமனும் முன்னால ஒக்காந்து வரணும். நாங்க பாக்கணும்."

"ஆவட்டுங்க" என்றார் முனிவேலு. வேறென்ன சொல்வது?

சாயங்காலம் வெகுநேரம் வாசலில் நடந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கல்யாணத்துக்குக் கார் கேட்க நாக்கு எழாது என்று அவருக்கே தெரியும். ஹாரனைப் பற்றிச் சண்டை போடலாம் என்று போனார். சண்டை போடுவது சுலபமாக இருந்தது.

கங்கப்பன் வீட்டு முன்னால் கார் நின்றது. அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஜோதியம்மாள் பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றாள். அண்ணனைப் பார்த்ததும் ஸ்பேனர் அவள் கையிலிருந்து நழுவி, கீழே இருந்த கால்மேல் விழுந்தது. காருக்கடியில் ஒரு முனகல்.

"வா அண்ணா" என்றாள்.

முனிவேலு காலைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்துப் பேசினார். "ஜோதி, உங்க வூட்டுக்காரரு கிட்ட சொல்லு. மத்தியானத்துல மனுசன் தூங்கணும். ஹாரன் அடிக்கறத நிறுத்தச் சொல்லு."

காருக்கடியிலிருந்து பதில் வந்தது. "ஜோதி, உங்க அண்ணன் கிட்ட சொல்லு. நான் ஹாரன் அடிச்சு ஆறு மாசம் ஆவுது. அது தானா அடிக்குது. லெப்ட்டுல திருப்பினா அடிக்கும். அழுத்தினா அடிக்காது."

முனிவேலு அப்போதுதான் கீழே இருந்த கால்களைப் பார்த்தார். "வேணும்னு அடிக்கலியா?"

"கேளு ஜோதி. எனக்கு வேற வேலை இல்லியான்னு கேளு."

முனிவேலுவுக்கு அவமானமாக இருந்தது. அதோடு, அவர் எதிர்பார்க்காத ஒரு வருத்தமும் வந்தது. மூன்று வருடமாக ஒரு வார்த்தையும் இல்லாத இடத்திலிருந்து, திட்டாகவாவது தினம் ஒரு சத்தம் தனக்கென்று வருகிறது என்று நினைத்திருந்தார். அது வெறும் வண்டிக் கோளாறு.

அவர் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் பானெட் திறந்து கிடந்தது. திறந்து கிடக்கிற பானெட்டை எட்டிப் பார்க்காமல் போகிற ஆண் பேரிகையில் பிறக்கவில்லை.

முனிவேலு வேலை பார்த்த கம்பெனியில் மிஷினில் கோளாறு வந்தால் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடுவதுதான் அவர் வேலை. கூப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பார். அந்த அனுபவத்தில், "ஜோதி, கோளாறு இங்க முன்னாலதான். வயர் எங்கியோ பாடில படுதுன்னு சொல்லு" என்றார்.

கங்கப்பன் ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். "கோளாறு பட்டன்லன்னு சொல்லு. முன்னால எல்லாம் நான் பாத்தாச்சு."

"பட்டன்ல கோளாறுன்னா திருப்பறப்ப ஏன் கத்துதுன்னு கேளு."

"முன்னால கோளாறுன்னா அழுத்தறப்ப ஏன் கத்தலன்னு கேளு."

ஜோதியம்மாள் இருவருக்கும் நடுவே தலையை இப்படியும் அப்படியும் திருப்பி அலுத்துப்போனாள். "ரெண்டையும் பாருங்களேன்" என்றாள்.

முதலில் ஹாரனையே சோதித்தார்கள். ஹாரனிலிருந்து ஸ்டியரிங்குக்குப் போகிற வயரைக் கழற்றி, அதன் இடத்தில் ஒரு துண்டு வயரை வைத்து முனிவேலு காரின் இரும்பில் தொட்டார். லாரி ஹாரன் முகத்துக்கு நேரே அலற, அவர் இரண்டடி பின்னால் போய்ச் செம்பருத்திச் செடியில் உட்கார்ந்தார். ஹாரனில் கோளாறில்லை என்பது தெரிந்தது. திம்மராயன் கழற்றிப் போட்ட பழைய ஹாரனும் பாவம் என்று கங்கப்பனுக்கு அப்போதுதான் தோன்றியது.

அடுத்து பட்டன். கங்கப்பன் ஸ்டியரிங் நடுவிலிருந்த மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தார். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங், முப்பது வருடத்துக் கிரீஸில் ஊறி, தக்காளி விதையும் ஒட்டிக்கொண்டு, அமுங்காமல் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, பித்தளைத் தகட்டைத் தேய்த்து, திரும்ப மாட்டினார். முன்னால் வயரையும் மாட்டிவிட்டு அழுத்தினார். ஹாரன் ஒரு நல்ல பிள்ளையைப் போல அடித்தது. விட்டதும் நின்றது.

"நான் சொன்னேன்ல? பட்டன்னு சொன்னேன்ல? கேளு ஜோதி!" கங்கப்பன் உற்சாகத்தில் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். ஹாரன் தானாக அலறியது.

"கேட்டாச்சுன்னு சொல்லு" என்றார் முனிவேலு.

இரண்டு கோளாறு இருந்திருக்கிறது. ஒன்று தீர்ந்தது. மற்றதைக் கண்டுபிடிக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடது பக்கமே பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வயரை அங்கங்கே அசைத்துப் பார்க்கவேண்டும். கங்கப்பன் காருக்கடியில் போனார். முனிவேலு பானெட்டுக்குள் தலையை விட்டார். டிரைவர் சீட்டில் ஜோதியம்மாள் ஏறி உட்கார்ந்தாள். கார் வாங்கியதிலிருந்து அவள் அந்த சீட்டைத் துடைத்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் இழுத்தாள்.

ஹாரன் கத்த ஆரம்பித்தது. இனிமேல் யாருக்கும் யாரிடமும் எதையும் சொல்லச்சொல்ல முடியாது. காருக்கடியிலிருந்து கங்கப்பன் மனைவியைப் பார்த்துக் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினார். பிறகு பொறுமை போய், நேராக மேலே பார்த்து, "மச்சான்! செவப்பு வயர இழு மச்சான்!" என்றார்.

"இழுத்துட்டுத்தான் இருக்கேன் மாப்ள!"

"அதில்ல! அது பாட்டரி வயரு! கண்ணு தெரியாதா ஒனக்கு?"

"எனக்குக் கண்ணு தெரியும்! ஒனக்குத்தான் மனுசன் தெரியாது!"

"யாருக்குத் தெரியாது? காதுகுத்துக்கு நேரத்தோட வராதவன் நீ!"

"வராதவனா? யாரு வராதவன்?"

கங்கப்பன் காருக்கடியிலிருந்து வெளியே வந்துவிட்டார். இருவரும் பானெட்டின் இரண்டு பக்கமும் நின்று, ஹாரனைவிட உரக்கக் கத்தினார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். கைகள் ஆடுவது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஜோதியம்மாளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கை விடவும் பயம். தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தவள், தன் காலுக்குப் பக்கத்தில், ஸ்டியரிங் தண்டு தரைக்குள் இறங்குகிற இருட்டில், சின்னதாக ஒன்று மினுக்குவதைப் பார்த்தாள். நீல நிறத்தில் ஒரு பொறி. கொஞ்சம் திருப்பினால் அணைந்தது, ஹாரனும் விக்கியது. மறுபடி இழுத்தால் மினுக்கியது. அவள் ஸ்டியரிங்கை முழுதாக நேராக்கினாள்.

ஹாரன் சட்டென்று நின்றது. ஆனால் முனிவேலுவால் நிறுத்த முடியவில்லை. தெரு முழுக்க அமைதியான அந்த நொடியில் அவர் குரல் மட்டும் தனியாக ஒலித்தது:

"பஸ் டயர் வெடிச்சிடுச்சி, மாப்ள! பாகலூர்லருந்து சீர்த் தட்டத் தலைமேல வெச்சிகினு ஓடியாந்தேன்! வழுக்கி வுழுந்து வளையல் ஒடைஞ்சிடப் போவுதுன்னு செருப்பக் கழட்டி கையில புடிச்சிகினு ஓடியாந்தேன்!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் மெதுவாக உள்ளே போனார்கள்.

கங்கப்பன் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாகலூர்லருந்தா?"

"ஆமா."

"சொல்லவே இல்லியே, மச்சான்."

"நீ கேட்டியா?"

கங்கப்பன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மச்சானிடம் நீட்டினார். முனிவேலு அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டிலிருந்த கிரீஸ் அவர் நெற்றியில் பட்டையாக இழுபட்டது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று கங்கப்பன் யோசித்து, சொல்லாமல் விட்டார்.

"காலுகிட்ட நெருப்பு வருது" என்றாள் ஜோதியம்மாள். இருவரும் திரும்பவில்லை. "ஏங்க, அண்ணா! இங்க நெருப்பு வருதுன்னு சொல்றேன்!"

அப்போதுதான் ஓடிவந்து குனிந்தார்கள். அவள் இடது பக்கம் இழுத்துக் காட்டினாள். தண்டு தரைக்குள் இறங்குகிற ஓட்டையில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ தூளாகிப் போயிருந்தது. அந்த வழியாகப் போன வயரின் தோல் இரும்பு விளிம்பில் உரசி உரசித் தேய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது. இடது பக்கம் திருப்பும்போது வயர் முறுக்கிக்கொண்டு, சரியாக அந்த இடம் இரும்பைத் தொட்டது. பட்டனை அழுத்தினால் நடக்கவேண்டியது, தொட்டதும் தானாக நடந்தது.

முனிவேலு ஓடிப்போய்ப் பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துக்கொண்டு வந்தார். கங்கப்பன் வயரைத் தூக்கிப் பிடிக்க, முனிவேலு சுற்றினார். "இன்னும் ஒரு சுத்து" என்றார் கங்கப்பன். "போதும்" என்றார் முனிவேலு. அதற்கும் கொஞ்சம் சண்டை நடந்தது. இந்த முறை நேரடியாக.

ஜோதியம்மாள் இடது பக்கம் திருப்பினாள். சத்தமில்லை. வலது பக்கம். சத்தமில்லை. பட்டனை அழுத்தினாள். அடித்தது. அவள் மறுபடி அழுத்தினாள். தேவையே இல்லாமல் இன்னொரு முறையும் அழுத்தினாள்.

கை கழுவிவிட்டு வந்து, முனிவேலு வாசலில் பெஞ்சாகக் கிடந்த பின்சீட்டில் உட்கார்ந்தார். ஜோதியம்மாள் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். அவர் கல்யாணப் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் களியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்தச் சீட்ட நாளைக்கே மாட்டிரணும்" என்றார் கங்கப்பன், எங்கோ பார்த்துக்கொண்டு. "பொண்ணத் தக்காளிக் கூடையிலயா ஒக்கார வெக்க முடியும்?"

முனிவேலு நிமிர்ந்தார். "ஒனக்கு யாரு சொன்னது?"

"பொண்ணு பாத்துட்டுப் போனவங்க பஸ் ஏறறதுக்கு முன்னால அண்ணி பால் சொசைட்டிக்கு வந்துட்டாங்க" என்றாள் ஜோதியம்மாள்.

வைகாசியில் கல்யாணம். காரைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, சூளகிரி வழியாகக் காவேரிப்பட்டினம் போனார்கள். ஓட்டியவர் கங்கப்பன். பக்கத்தில் ஜோதியம்மாள். பின்னால் முனிவேலுவுக்கும் சென்னம்மாளுக்கும் நடுவே சம்பங்கி, பட்டுப்புடவை கசங்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தக்காளி வாசனைதான் முழுதாகப் போகவில்லை. மண்டபத்து வாசலில் நின்ற வெங்கடப்பன், அத்தையும் மாமனும் முன்னால் வருவதைப் பார்த்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

கல்யாணம் முடிந்து பெண்ணை விட்டுவிட்டுத் திரும்பும்போது காரில் யாரும் அதிகம் பேசவில்லை. சென்னம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். குருபரப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். கடைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் மைதானம் காலியாகக் கிடந்தது. ஆண்கள் இருவரும் டீயோடு வந்தபோது, ஜோதியம்மாள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு ஜோதி" என்றார் கங்கப்பன்.

"ஒரு ரவுண்டுங்க. இந்த மைதானத்துல மட்டும். அன்னிக்கு ஸ்டியரிங்கப் புடிச்சதுலருந்து கை துடிக்குது."

சம்மதிப்பதற்குள் அவள் சாவியைத் திருப்பிவிட்டாள். இருவரும் டீ டம்ளரோடு பின்சீட்டில் சென்னம்மாள் பக்கத்தில் நெருக்கி ஏறினார்கள். கார் ஒரு குதி குதித்து நின்றது. கங்கப்பன் வேட்டியில் டீ.

"கிளச்ச மெதுவா விடு!" என்றார் கங்கப்பன்.

"விடாத, அமுக்கிப் புடி!" என்றார் முனிவேலு.

"ஒனக்கு இன்னா தெரியும் மச்சான்?"

"எங்க கம்பெனில போர்க்லிப்ட் ஓட்டறவன் பக்கத்துல நின்னிருக்கேன்!"

கார் மறுபடி குதித்து நின்றது. ஜோதியம்மாள் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் எறங்குங்க."

"இன்னா?"

"எறங்குங்கன்னு சொன்னேன். அண்ணி இருக்கட்டும்."

இறங்கினார்கள். கார் சற்று உறுமியது. பிறகு, யாரும் எதிர்பாராமல், வழுக்கிக்கொண்டு நகர ஆரம்பித்தது. மைதானத்தின் ஓரம்வரை போய், அகலமாக வளைந்து திரும்பி, அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலில் சென்னம்மாள் காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கார் நிற்கவில்லை. இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பிவிட்டது.

மச்சானும் மாப்பிள்ளையும் காலி டம்ளர்களோடு புழுதியில் நின்றார்கள்.

"நம்மள ஏத்திக்குவாங்களா, மாப்ள?" என்றார் முனிவேலு.

"கடைசி பஸ் எப்பன்னு டீக்கடையில கேட்டு வெக்கலாம், மச்சான்" என்றார் கங்கப்பன்.